முதல் ஆப்பை வெளியிட பிளே கன்சோல்: கம்பம், குமுளிப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு அலசல்

ஆண்ட்ராய்டு ஆப்பைப் பிளே ஸ்டோரில் வெளியிடக் கூகுள் வைத்திருக்கும் தளம்தான் பிளே கன்சோல். அதை ஆப் எழுதி முடித்த பிறகு திறக்காதீர்கள். எழுதத் தொடங்குகிற அன்றே திறந்துவிடுங்கள். ஆப் எழுத ரெண்டு மாதம், வெளியிட ஒரு நாள் என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் இங்கே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். புதுத் தனிநபர் கணக்கில் முதல் ஆப் என்றால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் வெளியீட்டு வேலைக்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்க வேண்டும்.

இந்த அலசலுக்கு எடுத்துக்கொண்ட உதாரணம் நம் பக்கத்து வேலைதான். கம்பம், கூடலூர், போடியில் விடிகாலை ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஆட்களின் நாள் கணக்கை எழுதி வைக்கிற ஆப். யார் வந்தார்கள், முழு நாளா அரை நாளா, கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, அவ்வளவுதான். கங்காணி தமிழில் பார்ப்பார், தோட்டக்காரர் மலையாளத்தில் பார்ப்பார், மலையில் சிக்னல் இருக்காது. சின்ன ஆப்தான். ஆனாலும் பிளே கன்சோல் ஒரு புதியவரை எங்கெல்லாம் நிறுத்துமோ அத்தனை இடமும் இதில் வந்துவிடும்.

கணக்குத் திறக்க 25 டாலர், ஒரே ஒரு முறை. ஆப்பிளில் வருஷா வருஷம் 99 டாலர் கட்ட வேண்டும் என்பதை வைத்துப் பார்த்தால் இது மலிவு. விசா, மாஸ்டர் கார்டு போதும். ப்ரீபெய்டு கார்டு எடுபடாது. டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே இருக்கும், பேங்க் ஆப்பில் அதை முதலில் திறந்துவிடுங்கள். பணம் கட்டியதும் அடையாளச் சரிபார்ப்பு வரும். நம் ஊர்ப் பெயர்கள் சிக்கிக்கொள்கிற இடம் இதுதான். ஒரு அட்டையில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக, பேங்கில் மூன்றாவது மாதிரி. கூகுள் பேமென்ட்ஸ் புரொஃபைலில் எழுதுகிற பெயரும் நீங்கள் ஏற்றுகிற அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முகவரியும் அப்படியே. கம்பத்தில் வீடு, வண்டன்மேட்டில் கடை என்று இருப்பவர்கள் எந்த முகவரிக்குச் சான்று கையில் இருக்கிறதோ அதையே கொடுங்கள். தனிநபர் கணக்குக்கு இன்னொரு சோதனையும் உண்டு: கன்சோலின் மொபைல் ஆப்பை உண்மையான ஒரு ஆண்ட்ராய்டு போனில் போட்டு, போன் உங்களிடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் ஓடுகிற எமுலேட்டர் இதற்கு ஆகாது.

தனிநபர் கணக்கா, நிறுவனக் கணக்கா என்பதில் அவசரம் வேண்டாம். நிறுவனக் கணக்குக்கு, நிறுவனத்தை அடையாளம் காட்டுகிற டி-யு-என்-எஸ் எண் என்ற 9 இலக்க எண் வேண்டும், அது கைக்கு வர 30 நாள் வரைகூட ஆகலாம். ஆனால் கீழே சொல்லப்போகிற 12 பேர், 14 நாள் சோதனை நிறுவனக் கணக்குக்குக் கிடையாது. கடன், பண சேவை, மருத்துவம், விபிஎன் போன்ற ஆப்களுக்கு நிறுவனக் கணக்குதான் கேட்கிறார்கள். நம் உதாரண ஆப் கூலிக் கணக்கு மட்டும் எழுதுகிறது, யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. அதனால் தனிநபர் கணக்கே போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: விவரணையில் 'முன்பணம்' என்று எழுதுங்கள், 'கடன்' என்று எழுதாதீர்கள். பரிசீலிக்கிறவர் அதைக் கடன் ஆப் என்று எடுத்துக்கொள்ள நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். தனிநபர் கணக்கில் ஆப் மூலம் பணம் சம்பாதிப்பதாக இருந்தால் உங்கள் முழு முகவரியும் பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு முகவரி ஊருக்கே தெரிவதில் தயக்கம் இருப்பவர்கள் முதல் ஆப்பை இலவசமாக விடுவது நல்லது. அதே நேரம், இலவசமாக வெளியிட்ட ஆப்பைப் பிறகு விலைக்கு மாற்ற முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்து பேக்கேஜ் பெயர், அதாவது பிளே ஸ்டோர் உங்கள் ஆப்பை அடையாளம் காண்கிற உள்பெயர். ஆப்பின் பெயரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், பேக்கேஜ் பெயரை மாற்றவே முடியாது. 'காம்.எக்ஸாம்பிள்' என்று தொடங்கினால் கன்சோல் வாங்காது. ஃபிளட்டர் என்ற கருவியில் ஆப் எழுதுகிறவர்கள் ப்ராஜெக்ட் தொடங்கும்போது பெயர் கொடுக்காமல் விட்டால் அந்த எக்ஸாம்பிளே உட்கார்ந்துவிடும். பிற்பாடு மாற்றப்போனால், லாகின் போன்றவற்றுக்கு உதவும் கூகுளின் ஃபயர்பேஸ் சேவையோடு உள்ள இணைப்பு முதல் எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டும்.

ஏற்ற வேண்டியது போனில் நேரே போடுகிற ஏபிகே கோப்பு அல்ல, கூகுள் பிரித்து அனுப்புகிற ஏஏபி கோப்பு. 2021 ஆகஸ்டிலிருந்து புது ஆப்களுக்கு இதுதான் விதி. ஏஏபி-யோடு, ஆப்பில் டிஜிட்டல் கையெழுத்திடும் சாவிகள் இரண்டாகின்றன. உங்களிடம் இருப்பது அப்லோடு சாவி. போனுக்குப் போகிற ஆப்பில் கையெழுத்திடுவது கூகுள் வைத்திருக்கும் வேறொரு சாவி. புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிற பிரச்சினை ஒன்று இங்கிருந்துதான் கிளம்புகிறது: கேபிளில் போட்டால் கூகுள் லாகின் வேலை செய்கிறது, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினால் வேலை செய்வதில்லை. காரணம், ஃபயர்பேஸில் உங்கள் சாவியின் எஸ்எச்ஏ-1 என்ற கைரேகை எண் மட்டும் பதிவாகியிருக்கும். கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தைத் திறந்து, கூகுள் சாவியின் எஸ்எச்ஏ-1-ஐயும் எஸ்எச்ஏ-256-ஐயும் நகலெடுத்து ஃபயர்பேஸில் சேர்த்தால் தீர்ந்துவிடும். மேப்ஸ் சாவிக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தால் அதற்கும் இதே வைத்தியம். அப்லோடு சாவி தொலைந்தால் கூகுளிடம் கேட்டு வேறு சாவிக்கு மாறிக்கொள்ளலாம், இது நல்ல ஏற்பாடு. அதற்காகச் சாவிக் கோப்பை ஒரே லேப்டாப்பில் வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், பாஸ்வேர்டோடு சேர்த்து இன்னோர் இடத்திலும் வையுங்கள்.

இனி, நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய சிக்கல். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஆப்புக்குள் 'தமிழ்', 'மலையாளம்' என்று இரண்டு பொத்தான் வைக்கிறீர்கள். தமிழ்ச் சொற்கள் ஒரு ஃபோல்டரில், மலையாளச் சொற்கள் இன்னொரு ஃபோல்டரில், ஆங்கிலம் பொது ஃபோல்டரில். உங்கள் போனில் அருமையாக மாறுகிறது. வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பிய நாலு பேருக்கும் மாறுகிறது. பிளே ஸ்டோருக்குப் போனதும் மலையாளப் பொத்தானைத் தட்டினால் ஆங்கிலமே வருகிறது. ஆப் கெட்டுப்போகவில்லை. ஏஏபி-யின் இயல்பே அதுதான். கூகுள் அந்தக் கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, போனின் அமைப்பில் என்ன மொழி இருக்கிறதோ அந்தத் துண்டை மட்டும் அனுப்பும். நம் ஆட்களில் பலர் போனை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பார்கள். அந்தப் போனுக்குத் தமிழும் போகாது, மலையாளமும் போகாது.

தீர்வு ஒரு வரிதான். ஆப்பைக் கட்டும் விதிகள் உள்ள கிரேடில் கோப்பில், ஆண்ட்ராய்டு பிளாக்குக்குள் 'பண்டில்', அதற்குள் 'லாங்வேஜ்', அதற்குள் 'எனேபிள்ஸ்பிளிட்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். எல்லா மொழியும் எல்லாப் போனுக்கும் போய்ச் சேரும். சொற்கள் மட்டும் என்பதால் அளவு பெரிதாக ஏறாது. ஃபிளட்டரில் சொற்களை டார்ட் மொழிக் கோடிலேயே வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோட்லின் மொழியில் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிளே ஸ்டோர் வழியாக ஒரு தடவை இறக்கிப் பார்க்காமல் இது கண்ணில் படாது. அதனால்தான் கன்சோலின் இன்டர்னல் டெஸ்டிங்கை, அதாவது ஆப்பைச் சிலருக்கு மட்டும் பிளே ஸ்டோர் வழியாக அனுப்பிப் பார்க்கிற வசதியை, வற்புறுத்த வேண்டியிருக்கிறது. 100 பேர் வரை சேர்க்கலாம், ஏற்றிய கொஞ்ச நேரத்தில் போனுக்கு வந்துவிடும், பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சேவையில் மிகவும் பிடித்த பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்டர்னல் டெஸ்டிங்கில் வேறு சிலதும் வெளிச்சத்துக்கு வரும். ஃபிளட்டரில், எழுதும்போது ஓட்டிப் பார்க்கிற டீபக் பில்டுக்கு இன்டர்நெட் அனுமதி தானாகவே இருக்கும். வெளியிடுகிற ரிலீஸ் பில்டுக்கு, அனுமதிகளை எழுதி வைக்கும் மெயின் மேனிஃபெஸ்ட் கோப்பில் நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆப் திறக்கும், ஒரு தகவலும் வராது. சர்வர் முகவரி எச்டிடிபிஎஸ் இல்லாமல் வெறும் எச்டிடிபி-யாக இருந்தால் ஆண்ட்ராய்டு 9-இலிருந்து அதுவும் தடைபடும். கோட்லினில் கோடைச் சுருக்கும் ஆர்8-ஐப் போட்டால், சர்வரிலிருந்து வரும் ஜேசன் தகவலைப் படிக்கிற கிளாஸ்களின் பெயர் மாறிப்போய் கூலித் தொகை எல்லாம் வெறுமையாக வரலாம். அந்தக் கிளாஸ்களைத் தொடாதே என்று சொல்லும் கீப் விதி எழுதிவிடுங்கள். ஃபிளட்டர் டெம்ப்ளேட்டில் ரிலீஸுக்கும் டீபக் சாவியே போடப்பட்டிருக்கும், மாற்றாமல் ஏற்றினால் கன்சோல் திருப்பி அனுப்பிவிடும். வெர்ஷன் கோடு என்ற பதிப்பு எண் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கூட வேண்டும். ஒரு தடவை பயன்படுத்திய எண், அந்த வெளியீட்டை நீங்கள் கைவிட்டாலும் திரும்பக் கிடைக்காது. ஃபிளட்டரில் 1.0.0+1 என்று இருப்பதில் கூட்டல் குறிக்குப் பின்னால் வருவதுதான் அந்த எண்.

ஆப் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைக்க வேண்டும் என்கிற டார்கெட் ஏபிஐ விதி ஆண்டுதோறும் ஏறுகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புது ஆப்கள் ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது ஏபிஐ எண் 35-ஐக் குறிவைக்க வேண்டும். 35-க்கு மாறினால், ஆண்ட்ராய்டு 15 போன்களில் திரையின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை ஆப் பரவும். அடியில் வைத்த 'சேமி' பொத்தான் போனின் பின்செல்லும் பட்டைக்குள் மறைந்துகொள்ளும். கங்காணி பத்துப் பேருக்கு வரவு போட்டுவிட்டு சேமிக்க வழியில்லாமல் நிற்பார். விளிம்பில் இடம் விடுகிற இன்செட்டைச் சேர்த்துவிடுங்கள். சி++ லைப்ரரி ஏதாவது உள்ளே இருந்தால் 16 கேபி நினைவகப் பக்க அளவு விதியும் 2025 நவம்பர் 1 முதல் உண்டு. பழைய ப்ளகின்களைப் புதுப்பித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்டோர் பக்கம். பெயருக்கு 30, சுருக்க விவரணைக்கு 80, முழு விவரணைக்கு 4000 எழுத்து. தமிழில் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தும் கன்சோல் எண்ணுகிற எழுத்தும் ஒன்றல்ல. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். 'ஏலத் தோட்ட ஆள் கணக்கு' என்பதில் நாம் எண்ணினால் 12 எழுத்து, 3 இடைவெளி. கன்சோல் கணக்கில் 21. பெயர் வைக்கும்போதே இதை மனதில் கொள்ளுங்கள். ஐகான் 512க்கு 512. மேலே வரும் பெரிய படம் 1024க்கு 500, பின்னணி ஒளிபுகுவதாக இருக்கக் கூடாது. போன் ஸ்க்ரீன்ஷாட் குறைந்தது 2, அதிகம் 8. இப்போதைய நீளப் போன்களில் எடுத்த படத்தை அப்படியே போடாமல் 1080க்கு 1920 அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ்த் திரை, மலையாளப் பக்கத்துக்கு மலையாளத் திரை என்று தனித்தனியாகப் போட கன்சோலில் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் உண்மையான ஆட்களின் பெயரும் நம்பரும் தெரியக் கூடாது. எடுக்கும் முன் போலிப் பெயர்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

படிவங்கள்தான் கன்சோலின் பலவீனம். டேட்டா சேஃப்டி, கன்டென்ட் ரேட்டிங், டார்கெட் ஆடியன்ஸ், விளம்பரம், நிதி வசதிகள் என்று ஒவ்வொன்றும் தனிப் பக்கம். கேள்விகள் சட்டக்காரர் எழுதியது போல இருக்கின்றன. ஒரு பதில் இன்னொன்றோடு முரண்பட்டால் பல நேரம் கடைசியில்தான் தெரிகிறது.

டேட்டா சேஃப்டியில் ஒரு விதி புரிந்தால் பாதி சுமை இறங்கும்: தகவல் போனுக்குள்ளேயே இருந்து வெளியே போகவில்லை என்றால் அது 'சேகரிப்பு' அல்ல. சர்வருக்குப் போகிற நொடியில் சேகரிப்பு ஆகிவிடும். நம் ஆப் ஆட்களின் பெயரையும் போன் நம்பரையும் சர்வரில் வைத்தால், ஆப்பைத் தொடாத மூன்றாவது மனிதரின் தகவல் அது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் எழுதிய கோடு மட்டுமல்ல, உள்ளே சேர்த்த க்ராஷ்லிட்டிக்ஸ் (க்ராஷ் விவரம் அனுப்புவது), அட்மாப் (விளம்பரம் காட்டுவது) எடுப்பதும் உங்கள் கணக்கில்தான் வரும். அட்மாப் போட்டால் விளம்பர ஐடி அனுமதி மேனிஃபெஸ்ட்டில் தானாகவே சேர்ந்துகொள்ளும். படிவத்தில் 'இல்லை' என்று டிக் செய்தால் அங்கே இடிக்கும். பிரைவசி பாலிசி எல்லா ஆப்புக்கும் கட்டாயம். பிடிஎஃப் ஏற்கமாட்டார்கள், எல்லோரும் திறக்கக்கூடிய வலைப்பக்கம் வேண்டும். கூகுள் சைட்ஸில் ஒரு பக்கம் போட்டால் போதும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும்போது ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்க வழி தர வேண்டும் என்கிறது. தமிழும் மலையாளமும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. ஆப்பிலேயே கணக்குத் தொடங்க விட்டால், ஆப்புக்குள்ளிருந்தும் வலைப்பக்கத்திலிருந்தும் கணக்கை அழிக்க வழி வைக்க வேண்டும்.

லாகின் உள்ள ஆப்பை நிராகரிக்க வைக்கும் எளிய காரணம் ஓடிபி. பரிசீலிக்கிறவர் கையில் உங்கள் நம்பர் இல்லை, ஓடிபி அவருக்கு வராது. ஃபயர்பேஸில் சோதனை நம்பர் 10 வரை வைக்கலாம். நம்பர் ஒன்று, மாறாத ஓடிபி ஒன்று கொடுத்து, ஆப் ஆக்சஸ் பக்கத்தில் இரண்டையும் எழுதுங்கள். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை மட்டும் கேட்காதீர்கள், அது இயல்பு மெசேஜ் ஆப்களுக்கும் சில விதிவிலக்குகளுக்கும்தான். ஓடிபியைத் தானாக எடுக்க எஸ்எம்எஸ் ரெட்ரீவர் இருக்கிறது, அதற்கு அனுமதியே தேவையில்லை.

இனி அந்த 12 பேர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகள், குளோஸ்டு டெஸ்டிங் என்ற அடுத்த கட்டச் சோதனையில் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்களை 14 நாள் தொடர்ச்சியாக வைத்திருந்தால்தான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். முதலில் 20 பேர் கேட்டார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். இன்டர்னல் டெஸ்டிங்கில் இருந்த நாட்கள் இதில் சேராது. இந்த விதியைத் திட்டாத டெவலப்பர் இல்லை. ஆனாலும் நம் உதாரணம் மாதிரியான ஆப்புக்கு இது நல்லதே செய்யும். மலைக்குப் போகிற ஒரு ஜீப்பிலேயே 12 பேர் இருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு 12 ஜிமெயிலைச் சேர்த்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் போகாதீர்கள். ஆப்பை ஒரு நாளும் திறக்காத 12 முகவரியால் உங்களுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. விண்ணப்பத்தில் ஆட்களை எப்படிச் சேர்த்தீர்கள், எப்படிப் பயன்படுத்தினார்கள், என்ன குறை சொன்னார்கள், அதற்கு என்ன மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். பதில் வெறுமையாக இருந்தால் இன்னும் சோதித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பிவிடுவார்கள், இன்னொரு 14 நாள் போகும்.

ஜீப் ஆட்களைச் சேர்க்கும்போது வழக்கமாக வரும் தடங்கல்: போனில் இருக்கிற ஜிமெயில், போன் வாங்கிய அன்று கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. சொந்தக்காரருக்கே அது தெரியாது. சொல்லச் சொன்னால் நினைவிலிருந்து வேறொன்றைச் சொல்வார். போனை வாங்கி, பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தட்டி, அங்கே காட்டுகிற முகவரியை அப்படியே எழுதுங்கள். அதைப் பட்டியலில் சேர்த்த பிறகே இணைப்பை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பு வேறு கணக்கில் திறந்தால் 'கிடைக்கவில்லை' என்ற பக்கம்தான் வரும். இணைப்பில் 'டெஸ்டர் ஆகு' என்பதைத் தட்டினால்தான் எண்ணிக்கையில் சேரும், பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. சரியாக 12 பேரோடு நிற்காதீர்கள். ஒருவர் போன் மாற்றுவார், இன்னொருவர் இடமில்லை என்று விலகிவிடுவார். 16, 18 பேர் இருந்தால் நிம்மதி. அந்த 14 நாளில் ரெண்டு தடவையாவது திருத்திய பதிப்பை ஏற்றுங்கள். சிக்னல் இல்லாமல் போட்ட கணக்கு, ஜீப் குமுளி இறங்கியதும் சர்வருக்குப் போகிறதா, அதே நாள் இரண்டு தடவை ஏறுகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது. ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி ஐடி உருவாக்கி அனுப்பினால் இரட்டைப் பதிவு வராது.

நாள் கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். காய் எடுப்புக்கு ஆட்கள் அதிகம் ஏறத் தொடங்கும் ஆடிக்கு ஆப் வேண்டுமென்றால், விண்ணப்பத்துக்குப் பதில் வர 7 நாள், அதற்கு முன் 14 நாள், அதற்கு முன் குளோஸ்டு டெஸ்டிங்கின் முதல் பரிசீலனை, அதற்கும் முன் அடையாளச் சரிபார்ப்பு. பொது வெளியீட்டுப் பரிசீலனைக்கு இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். வைகாசி நடுவிலேயே கன்சோலில் வேலை ஓட வேண்டும்.

ஐபோனுக்கும் வேண்டுமா என்று கேட்பார்கள். மேக் கம்ப்யூட்டர் வேண்டும், ஆண்டுச் சந்தா வேண்டும். ஆனால் ஆப்பிளில் இந்த 14 நாள் விதி இல்லை. ஜீப்பில் ஐபோன் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்டர்னல் டெஸ்டிங், சாவிப் பாதுகாப்பு, மொழிவாரி ஸ்டோர் பக்கம் மூன்றுக்கும் முழு மதிப்பெண்; படிவங்களுக்குப் பாதிதான். மொத்தத்தில் 5-க்கு 3.5.

வெளியீட்டு நாளுக்கு இரண்டு குறிப்பு. சிறிது சிறிதாக விடுகிற வசதி அப்டேட்டுகளுக்கு மட்டும்தான், முதல் வெளியீடு ஒரேயடியாக எல்லோருக்கும் போகும். அதனால் நாடுகளில் இந்தியாவை மட்டும் தேர்ந்தெடுத்து, மேனேஜ்டு பப்ளிஷிங்கைப் போட்டு வையுங்கள். பரிசீலனை முடிந்தாலும் நீங்கள் பொத்தானை அழுத்தும் வரை ஆப் வெளியே போகாது. சனிக்கிழமை சம்பளம் போடுகிற தோட்டங்கள் இருந்தால் வெள்ளி, சனியில் அழுத்தாதீர்கள். ஞாயிறு வைத்துக்கொண்டால், திங்கள் காலை ஜீப் கிளம்பும்போது வருகிற முதல் க்ராஷை கன்சோலின் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் பக்கத்தில் பார்த்துத் திருத்த அடுத்த சம்பள நாள் வரை நேரம் இருக்கும். பயனர் கண்ணில் படும் க்ராஷ் 1.09 சதவீதத்தையும், ஆப் உறைந்து நிற்பது 0.47 சதவீதத்தையும் தாண்டினால் பிளே ஸ்டோரில் ஆப் கண்ணில் படுவதே குறைந்துவிடும்.